கோபுரத்து ஆந்தைக்கு ஒரு நன்றிச் சீட்டு

யோபினா வொண்டர்கெம் ஜெபத்தில் கண்ணை மூடுவதில்லை.

நோர்டர்க்ரேக் ஆலயத்தில் இருநூறு பேர் தலை கவிழ்ந்து கண்மூடி உட்கார்ந்திருக்கும்போது, கடைசி பெஞ்சில் அவள் ஒருத்தி மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். யார் தூங்குகிறார், யார் மோதிரத்தைத் திருகுகிறார், யார் பக்கத்துக்காரரின் பையிலிருந்து பெப்பர்மின்ட் எடுக்கிறார், எல்லாம் அவளுக்குத் தெரியும். இது தப்பு என்று அவளிடம் சொல்ல ஆளில்லை. அவள் கண் திறந்திருந்ததைச் சொல்கிறவர், தன் கண்ணும் அப்போது திறந்திருந்தது என்று ஒப்புக்கொண்டாக வேண்டுமே!

"நான் கோயில்குட்டி. கதவு, கணப்பு, மணிக்கயிறு எல்லாம் என் பொறுப்பு. எல்லாரும் கண்ண மூடிக்கிட்டா யாரு பாக்குறது?" என்பாள், யாரும் கேட்காமலே.

முப்பத்தொரு வருஷமாக அந்த ஆலயத்தைப் பெருக்கி, மணியடித்து, பாட்டு எண்களைப் பலகையில் மாட்டி வந்தாள். அதற்குச் சம்பளம் பெயருக்குத்தான். ஆலயத்தை ஒட்டிய ஓட்டு வீடுதான் உண்மையான கூலி. சாவி யார் கையிலோ, வீடு அவருக்கு. சாவி போனால் வீடும் போகும். அறுபத்திரண்டு வயதில், கல்யாணமாகாதவளுக்கு, அதைவிட வேறு என்ன பயம் வேண்டும்?

சந்தேகம் அவளுக்கு ரத்தத்திலேயே வந்தது. அவள் பிறந்து வளர்ந்த ஜீலாந்துக் கடலோரத்தில் நிலம் கீழே, கடல் மேலே. நடுவில் ஒரு மண் கரை. அவள் அப்பா அந்தக் கரையில் மதகு காப்பவர். மதகை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி, மூடினோமா என்று மறுபடி போய்ப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு மூன்றாம் தடவையும் பார்ப்பார். ஒரு தடவை மதகு நிஜமாகவே கையளவு திறந்திருந்தது. அன்றைக்கு அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை யோபினா மறக்கவே இல்லை.

சந்தேகம் பலித்துவிடுவதுதான் இதில் உள்ள ஆபத்து. அவளுக்கு இருபத்தாறு வயதில் பக்கத்து ஊர் வெங்காய வியாபாரி ஒருவன் ரோஜாக் கொத்தோடு பெண் கேட்டு வந்தான். கொத்தை வாங்கி மோந்து பார்த்தாள். ஈர மண் வாசனை. அவனைக் காப்பி குடிக்கச் சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாக மிதிவண்டியில் நாலு மைல் போய், அவன் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கல்லறையில் ஜாடி காலி. திரும்பி வந்தபோது அவன் மூன்றாவது கோப்பையில் இருந்தான். நம்பினால் நம்புங்கள், அந்தப் பூக்களைக் கொண்டுபோய்ச் செத்தவருக்கே திருப்பிக் கொடுக்க வைத்துவிட்டுத்தான் அவனை விட்டாள். அதற்குப் பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை.

அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ஆண்டவரிடம் சொல்லிவிடுவார்கள், நாலு பேர் காதில் விழும்படி. "ஆண்டவரே, அடுத்தவன் வரப்பில் கலப்பையை ஓட்டுகிறவனுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று ஆலய நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த மூப்பர் கிரைன் ஒரு ஞாயிறு ஜெபித்தார். திங்கட்கிழமை காலையில் மூன்று பேர் தங்கள் வரப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அவர் மனதில் வைத்துச் சொன்னது நாலாவது ஆளை.

இப்போது ஆந்தைக்கு வருவோம்.

மணிக்கோபுரத்தின் உச்சியில், கடல் பக்கச் சன்னலுக்குள், வெள்ளை முகத்து ஆந்தை ஒன்று பல வருஷமாகக் குடியிருந்தது. எலியை முழுசாக விழுங்கிவிட்டு, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். அந்த உருண்டைகள் மணிக்கயிறு வரும் ஓட்டை வழியாக வாசல் மண்டபத்தில் விழும். யோபினா தினமும் பெருக்குவாள். ஆகஸ்டில் கிரைனுடைய பேத்திக்குக் கல்யாணம். மணப்பெண் வெள்ளைச் செருப்போடு வாசலில் காலை வைத்தாள், நறுக்கென்று ஒரு சத்தம். பார்த்தால் எலி மண்டை. மணப்பெண் போட்ட கூச்சல் ஆர்கன் சத்தத்தை அமுக்கிவிட்டது.

"யோபினா, இது தேவாலயமா, இல்ல பூனையோட அடுப்பங்கரையா?" என்றார் கிரைன், எல்லார் முன்னாலும்.

மறுநாள் சாயங்காலம் அவள் ஏணியும் பலகையும் சுத்தியலுமாக மேலே ஏறி, சன்னலை வெளிப்பக்கமாக ஆணியடித்து அடைத்துவிட்டாள். பதினாலு ஆணி. ஆந்தை உள்ளே இருக்கிறதா என்று பார்க்கவில்லை. சட்டப்படி அந்தப் பறவையின் கூட்டில் யாரும் கை வைக்கக்கூடாது. பறவைச் சங்கத்துக்காரர்கள் அதற்கு எண்ணெல்லாம் கொடுத்திருந்தார்கள். பதினாலாவது ஆணியை அடித்து முடித்த பிறகுதான், 'உள்ளே இருந்திருந்தால்?' என்று தோன்றியது. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அப்புறம் தெரியாது என்று சொல்ல முடியாது. எனவே திறக்கவில்லை. வாசல் மண்டபத்தில் அதற்குப் பிறகு எலும்பு விழவில்லை. அதுவே அவளை வாட்டியது.

போதாததற்கு, அதே ஆகஸ்டிலிருந்து அவள் வீட்டுப் பரணில் நடமாட்டம். விளக்கு வைக்கிற நேரத்தில் சரசரவென்று, அப்புறம் பெரிய மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். கிரைன்தான் ஓடுகளைச் சோதிக்க ஆள் விடுகிறார், வீட்டைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினாள். பரண் ஏணியின் படிகளில் கோதுமை மாவைத் தூவி வைத்தாள். காலையில் ஒரு கால் தடம்கூட இல்லை. 'கைதேர்ந்த ஆளா அனுப்பியிருக்கார்' என்று நினைத்துக்கொண்டாள். பரண் கதவைக் கீழிருந்தே பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அந்த வருஷம்தான் புதுப் போதகர் வந்திருந்தார். யெல்ச்சே, வடக்கே ஃப்ரீஸ்லாந்திலிருந்து வந்த பெண். ஊருக்கு முதல் பெண் போதகர். நவம்பர் மாதத்து முதல் புதன்கிழமை நன்றிநாள். மார்ச்சில் விதைக்கு முன் மன்றாடுவது, நவம்பரில் அறுப்புக்குப் பின் நன்றி சொல்வது, இவை இரண்டும் அந்த ஊரில் கிறிஸ்துமஸைவிடப் பெரிய நாட்கள். யெல்ச்சே அம்மா வாசலில் ஒரு பெட்டி வைத்தார்.

"உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் வருஷாவருஷம் நன்றி சொல்றோம். இந்த வருஷம், விக்க முடியாத எதுக்காவது சொல்லலாம். படைப்புல ஏதாவது ஒண்ணு. சீட்டுல எழுதிப் போடுங்க. பேர் வேண்டாம்."

பேர் வேண்டாம் என்ற வார்த்தையைக் கேட்டதும் யோபினா பெட்டியைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

நன்றிநாளன்று மேசை நிறைய பேரிக்காய், சர்க்கரைக் கிழங்கு, வெங்காயச் சரம், ஒரு கட்டு கோதுமைக் கதிர். யாரோ ஒரு வாளி மட்டி கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கணப்புச் சூட்டில் அது தன் இருப்பைத் தெரிவித்துக்கொண்டிருந்தது. போதகரம்மா சீட்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஜெபமாக வாசித்தார்.

"மண்புழுவுக்காக நன்றி, ஆண்டவரே. எங்கள் காலடியில் சத்தமில்லாமல் உழைக்கிறது."

கிரைன் நிமிர்ந்து உட்கார்ந்தார். புழு என்றால் தன்னையா என்று பார்க்கிற முகம்.

"வைக்கோல் காய்ந்து முடிந்த பிறகு பெய்த மழைக்காக நன்றி. ஓடைக்கரை நாணலுக்காக நன்றி. எங்களுக்குக் கொடுத்த பூமியை எங்களிடமிருந்தே காப்பாற்றித் தாரும்."

அப்புறம் அடுத்த சீட்டு.

"கோபுரத்து வெள்ளை ஆந்தைக்காக நன்றி. தினமும் சாயங்காலம் அதைப் பார்க்கிறேன்."

யோபினா அதை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். தினமும் பார்க்கிறாயா? பதினாலு ஆணிக்குப் பின்னால் இருப்பதை எந்தக் கண் பார்க்கும்? இது நன்றி இல்லை. 'நீ செய்தது எனக்குத் தெரியும்' என்று ஆண்டவர் மூலமாக அனுப்பிய தாக்கீது. சட்டென்று எல்லாத் தலைகளையும் பார்த்தாள். மூன்றாம் வரிசையில் இன்னொரு ஜோடிக் கண் திறந்திருந்தது. பின்னால் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பீட்டர்நெல்! எதிர்வீட்டுக்காரி, முப்பது வருஷமாக இந்தச் சாவிமேல் கண் வைத்திருப்பவள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஆராதனை முடிந்து பெருக்கும்போது அந்தச் சீட்டை எடுத்து ஏப்ரனில் சொருகினாள். நாட்காட்டித் தாளின் பின்பக்கம், நீல மை, குண்டு குண்டான எழுத்து. எழுதினவரைப் பிடிக்க ஒரு வழி தானாகவே கிடைத்தது. நன்றிநாள் பழங்களைக் கூடைகளில் போட்டு, எழுபத்தைந்து தாண்டியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கோயில்குட்டி கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். இந்தத் தடவை கூடையோடு ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டாள்.

"கூடை கிடைச்சுதுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"இதென்ன புதுசா?" என்றார் கிரைன். "முதல்ல, எனக்கு எதுக்குக் கூடை? அது கெழவங்களுக்கு."

"உங்களுக்கு எழுபத்தாறு, மூப்பரே."

"அத யாரு உனக்குச் சொன்னது?"

"நீங்க ஞானஸ்நானம் எடுத்த தேதி ஆலயப் புத்தகத்துல இருக்கு. எழுதுங்க."

அவர் கோணல்மாணலாக எழுதினார். குண்டு எழுத்து இல்லை. ஆனால் வேண்டுமென்றே கோணலாக எழுதியிருக்கலாமே என்று யோபினா ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

பீட்டர்நெல்லுக்கு எழுபத்தொன்றுதான். ஆனாலும் கால் வீங்கியிருக்கிறது என்று காரணம் கண்டுபிடித்து அவளுக்கும் ஒரு கூடை போயிற்று.

"ஏன்டி யோபினா, என் காலு உன்னைவிட வேகமா நடக்குது, எனக்குக் கூடையா? விஷம் கிஷம் வச்சிருக்கியா?"

"ஒரு பேரிக்காய நான் தின்னு காட்டட்டுமா?"

"எத வேணா தின்னு, நோட்ட நீட்டாத. அன்னைக்கு ஜெபத்துல யாரைத் தேடினே?"

"நீ யாரைத் தேடினே?"

பீட்டர்நெல் நோட்டைப் பிடுங்கி இடது கையால் எழுதினாள். வலது கை சுளுக்காம்.

மூன்று நாளில் ஊரே நோட்டைப் பற்றித்தான் பேசியது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு அடுத்த வருஷம் கூடை கிடையாதாம். இல்லையில்லை, கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்குவதற்காம். ஒருவர் தன் செத்துப்போன அண்ணன் பெயரில் கையெழுத்துப் போட்டார், எதற்கும் இருக்கட்டும் என்று. ஒரு அம்மாள் கூடையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். பதினெட்டு கூடை, பதினேழு கையெழுத்து, ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

பத்தொன்பதாவது, கடைசிக் கூடை கரைமேல் தனியாக இருக்கும் வீட்டுக்கு. அங்கே மரினஸ், எண்பத்தொன்பது வயது, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் சன்னலோரக் கட்டிலில் கிடந்தார். காலை மாலை ஃபெம்கே என்ற தாதி வந்து பார்த்துக்கொள்வாள். ஆலயத்துக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. அவர்மேல் சந்தேகப்பட யோபினாவுக்கே தோன்றவில்லை. ஆனாலும் நோட்டை நீட்டினாள், பழக்கதோஷம்.

"கையில பேனா நிக்காது, புள்ள," என்றார் மரினஸ். "ஃபெம்கே வரட்டும். அவதான் எனக்கு எழுதுறது. அந்த ஆந்தைச் சீட்டையும் அவதான் எழுதிப் பெட்டியில போட்டா."

யோபினா கூடையைத் தரையில் வைத்தாள்.

"நீங்களா?"

"ஏன், நான் நன்றி சொல்லக் கூடாதா? காலும் விரலும் தவிர மத்ததெல்லாம் வேலை செய்யுதே."

"தினமும் பாக்குறேன்னு எழுதியிருந்தீங்க."

"பாக்குறேன்தான்."

"பொய். அது… அந்தச் சன்னல்…"

"நீ ஆணி அடிச்ச சன்னலா?"

கணப்பில் விறகு முறிந்தது. கையிலிருந்த நோட்டு நழுவி விழுந்ததை அவள் எடுக்கவில்லை.

"இங்க இருந்து உன் ஏணியும் தெரிஞ்சுது, உன் பாவாடையும் தெரிஞ்சுது," என்றார் கிழவர். "பதினாலு எண்ணினேன். சரிதானே?"

"எத்தனை பேர்கிட்டச் சொன்னீங்க?"

"யாருகிட்ட? வருஷத்துக்கு ஒரு தடவ பேரிக்காயோட நீ வர்றே. உன்கிட்டயே சொல்லலாம்னு இருந்தேன்."

அவளுக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று பாக்கியிருந்தது.

"அது… உள்ள இருந்துச்சா?"

மரினஸ், மூன்று மாதத்துக்குப் பிறகு இப்போது கேட்கிறாயா என்பதுபோல் பார்த்தார். அப்புறம் சன்னலுக்கு வெளியே தாடையை நீட்டினார். "மணி நாலே முக்கால். உக்காரு."

உட்கார்ந்தாள். வெளிச்சம் வயல்களிலிருந்து மெல்ல வடிந்தது. சன்னலில் ஆலயமும், கோபுரமும், அதன் தோள் உயரத்துக்கு அவளுடைய வீட்டுக் கூரையும் தெரிந்தன. புகைபோக்கிக்குப் பக்கத்தில் ஓர் ஓடு உடைந்திருந்தது. அந்த இருட்டுப் பொந்திலிருந்து ஒரு வெள்ளை முகம் எட்டிப் பார்த்தது. வெளியே வந்து கூரை முகட்டில் நின்றது, சிறகை ஒரு தடவை உதறியது, சத்தமே இல்லாமல் வயல் பக்கம் மிதந்து போயிற்று.

"நீ ஆணி அடிச்சப்ப அது உன் புகைபோக்கி மேல உக்காந்து உன்னையேதான் பாத்துக்கிட்டிருந்துச்சு," என்றார் மரினஸ். "நீ இறங்கினதும் உன் வீட்டுக்குள்ள பூந்துடுச்சு. என்னைக் கேட்டா, அதுல ஒரு நியாயம் இருக்கு."

"அப்ப பரண்ல…"

"ஏன், வேற யாருன்னு நெனச்சே?"

மூப்பர் அனுப்பிய ஆள் என்று சொல்லாமல், யோபினா குனிந்து நோட்டைப் பொறுக்கினாள்.

அன்று வீட்டுக்குப் போய்க் கழுத்துச் சாவியால் பரணைத் திறந்தாள். எலும்பு உருண்டைகள் வரிசையாகக் கிடந்தன. ஆகஸ்டிலிருந்து அவள் பெருக்காமல் விட்டதெல்லாம் அங்கே சேர்ந்திருந்தது. துடைப்பத்தை எடுத்தவள், கீழே வைத்துவிட்டாள்.

மரினஸ் காட்டிக்கொடுக்க மாட்டார். ஃபெம்கேவுக்கு ஒன்றும் தெரியாது. சாவியும் வீடும் பத்திரம். ஆனால் அதுவே அவளுக்கு நிம்மதி தரவில்லை. ஒரு மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது, அவன் சும்மா இருக்கிறான், அதோடு நன்றியும் சொல்கிறான். இதில் ஏதோ சூது இருக்கத்தான் வேண்டும் என்று குளிர்காலம் முழுக்க யோசித்தாள். வாரம் ஒரு தடவை போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்காணித்தாள். சூது எதுவும் அகப்படவில்லை. பிப்ரவரியில் ஏணி போட்டு, பதினாலு ஆணியையும் பிடுங்கினாள். ஆந்தை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பரணே அதற்கு வசதியாக இருந்தது.

மார்ச் மன்றாட்டு நாளில் பெட்டி மறுபடி வந்தது. போதகரம்மா கடைசிச் சீட்டைப் பிரித்து, முதலில் தமக்குள் வாசித்துக்கொண்டார். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்தார். அங்கே இரண்டு கண்கள் அவரைப் பார்த்துத் தலையசைத்தன.

"ஆண்டவரே, கோபுரத்துச் சன்னலை அடைத்து ஆந்தையைத் துரத்தியது நான். உள்ளே இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. நீர் படைத்ததைக் காக்க வேண்டிய கையாலேயே ஆணி அடித்தேன். மன்னியும். அது உயிரோடிருப்பதற்கு நன்றி. இப்படிக்கு, கோயில்குட்டி யோபினா வொண்டர்கெம்."

அன்று எத்தனை கண்கள் திறந்தன என்று எண்ண யோபினாவாலேயே முடியவில்லை.

வாசலில் முதலில் வெடித்தது பீட்டர்நெல். "எவ்வளவு கெட்ட மனசு! நம்ம யோபினா பேர்ல எழுதிப் போட்டிருக்காங்களே! அவளாவது, தப்ப ஒத்துக்கிறதாவது!"

"நான்தான்டி எழுதினேன்."

"சும்மாரு. யாரையோ காப்பாத்துறே."

மூப்பர் கிரைன் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "பேரோட எழுதியிருக்கும்போதே தெரியலையா, பொய்யின்னு? நம்ம ஊர்ல எவன் தன் பேரைப் போட்டு எழுதுவான்?"

"மூப்பரே, சாவிய வேணும்னா எடுத்துக்குங்க. நெசமாவே நான்தான்."

"உன் சாவிய எடுக்கத்தான் எவனோ இத எழுதியிருக்கான். விடமாட்டேன்."

போதகரம்மா மட்டும் யோபினாவின் கையைப் பிடித்து அழுத்தினார். "ஏப்ரல்ல பறவைச் சங்கத்துக்காரங்க வருவாங்க. உங்க பரண அவங்களுக்குக் காட்டுங்க. பெருக்காம," என்றார் மெல்ல.

மறுநாளே கிரைன் போதகரம்மாவிடம் அந்தச் சீட்டையும் யோபினாவிடம் பழைய நோட்டையும் வாங்கிக்கொண்டு, எழுதியவனைப் பிடிக்க வீடு வீடாகக் கிளம்பினார். கூடை இல்லை, கையெழுத்து மட்டும். சனிக்கிழமை அவளுடைய வாசலுக்கும் வந்தார்.

"நீ பாட்டு நம்பர மாட்டித்தான் பாத்திருக்கோம், உன் கையால எழுதின எதையும் இந்த ஊரு பாத்ததில்ல. ஒழுங்குக்காக நீயும் ஒரு வரி எழுது."

யோபினா அவருக்குக் காப்பி ஊற்றினாள். டப்பாவைத் திறந்து ஒரே ஒரு பிஸ்கோத்து எடுத்து வைத்து, டப்பாவை மூடினாள். பிறகு உட்கார்ந்து, தெளிவாக, தன் முழுப் பெயரையும் எழுதினாள். மேலே பரணில் பெரிய மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். கிரைன் கூரையைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். குனிந்து, எழுத்து எழுத்தாக விரலை ஓட்டினார். வெகுநேரம் பார்த்தார்.

"பாத்தியா," என்றார் கடைசியில், பல்லைக் கடித்தபடி. "படுபாவி, அச்சு அசலா உன் எழுத்தையே எழுதியிருக்கான்."